லைன் செத்ததை ப்ராக்ஸிக்கு யார் சொல்வது? அக்காவின் டிப்ஸ்

தம்பி, அரூரில் நீ பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் லேபுக்கு இரண்டாவது நெட் கனெக்ஷன் வாங்க நிர்வாகம் தலையாட்டிவிட்டது என்றாய். ரொம்ப நல்லது. கூடவே, "ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும் இல்லக்கா?" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். தானாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு மோடமும் பக்கத்துப் பக்கத்தில் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும். லேபில் ஒரு பக்கம்கூடத் திறக்காது. லைன் வாங்குவது பணம் கட்டுகிற வேலை. முதல் லைன் செத்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதை ரூட்டருக்கும் உன் ப்ராக்ஸியான ஸ்க்விட்டுக்கும் உறைக்கிற மாதிரி சொல்வதுதான் ஃபெயில்ஓவர். நாம் தலையைக் கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலையில்.

முதலில் ஒயரின் பின்னாலேயே போ

புது கனெக்ஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு சாயங்காலம் வெளியே வந்து, இப்போது இருக்கும் ஃபைபர் எந்தக் கம்பத்தில் ஏறி எந்தத் தெருவில் போகிறது என்று பார்த்துக்கொண்டே நட. புதிதாக வரப்போகிற ஆளிடமும் கேள்: "உங்க கேபிள் எந்தக் கம்பத்துல வருது? உங்க பாக்ஸ் எங்க இருக்கு? மேல உங்களுக்கு லைன் சேலத்துல இருந்தா, பெங்களூர்ல இருந்தா?" பில் போடும் கம்பெனியின் பெயர் வேறு வேறாக இருந்தால் போதும் என்று நினைக்காதே. இரண்டு கம்பெனிக்கும் உள்ளூரில் ஒரே கேபிள்காரர் ஏஜென்ட்டாக இருப்பதும், இரண்டு ஒயரும் ஒரே ஈபி கம்பத்தில் ஒரே கொக்கியில் தொங்குவதும் நம் ஊர்ப்பக்கம் சர்வசாதாரணம். அந்தக் கம்பத்தில் ஒரு புளியங்கிளை விழுந்தால் உன் ஃபெயில்ஓவர் கதை முடிந்தது.

உலக அளவிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் கடலடியில் சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு பெரிய கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் நெட் பல நாள் நொண்டியடித்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் இருக்கிறதே என்று நம்பியவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே கடல்படுகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன என்று. சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறுகிற கேபிள். அதனால் அடி நமக்கும் விழுந்தது.

தர்மபுரி மாவட்டத்துக்கு வெளியே போக ரோட்டுவழி என்றால் முக்கியமாக இரண்டு திசை. வடக்கே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு. தெற்கே தொப்பூர் கணவாய் இறங்கி சேலம். தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். ஜேசிபி ஒரு இழுப்பு இழுத்தால் அந்தத் திசை காலி. ஊருக்குள்ளும் அப்படித்தான். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் குழாய் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிறது. எங்காவது குழாய் கசிந்தால் தோண்டாமல் சரிபண்ண முடியாது, தோண்டுகிற இடத்தில் ஃபைபரும் இருக்கும். தோண்டும் முன் கேபிள்காரருக்குத் தகவல் போகட்டும் என்று மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் சந்தில் செப்டிக் டேங்க் தோண்டுகிறவர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத் தோண்டுவார் என்று நீ நம்பி உட்காராதே.

ஆக, ஒரு லைன் ரோட்டோரம் வந்தால் இன்னொன்று வேறு வழியில் வரட்டும். ரயில்டெல் நிறுவனத்தின் ஃபைபர் தண்டவாளத்தை ஒட்டிப் போவது. அதுதான் ரயில்வயர் என்ற பெயரில் உள்ளூர் கேபிள்காரர்கள் மூலம் வீட்டுக்கும் ஆபீசுக்கும் வருகிறது. உனக்கு மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம்தானே? உன் தெருவுக்கு அது வருமா என்று விசாரி. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு பாரத்நெட் திட்டத்தில் டான்ஃபிநெட் இழுக்கும் ஃபைபரும் ஒரு வழிதான். ஆனால் அதில் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேயே போகிறது. கம்பம் சாய்ந்தால் கரண்ட்டும் நெட்டும் கைகோத்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் கிடைக்காவிட்டால் சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி ரூட்டர் போதும். ஒயரில்லாத வழி என்பதே பெரிய பலம். ஒன்று மட்டும்: எந்தக் கம்பெனி சிம் என்பதைக் கடைக்காரர் சொல்லி முடிவு செய்யாதே. ரூட்டர் வைக்கப்போகும் அதே அறையில், அதே ஜன்னலோரத்தில், மூன்று கம்பெனி சிம் போட்ட போன்களை வைத்துப் பகலிலும் ராத்திரி எட்டு மணிக்கும் வேகம் பார். டவர் கூட்டம் நிறைந்த நேரத்தில் தாங்குகிற சிம்தான் உனக்கு வேண்டும். சித்தேரி மலைப்பக்கமோ பென்னாகரம் தாண்டிக் காட்டு ரோட்டிலோ லேப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனையை விட்டால் வேறு கதியில்லை.

கரண்ட்டை மறந்துவிடாதே

நெட் போச்சு என்று வருகிற புகார்களில் பாதி கரண்ட் புகார்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டு மதியத்துக்கு மேல்தான் கொடுப்பார்கள். சர்வருக்கு யூபிஎஸ் இருக்கும். ஃபைபர் பெட்டியின் அடாப்டர் மட்டும் யாரோ சுவரில் செருகி வைத்திருப்பார்கள். போய்ப் பார். இரண்டு மோடம், சுவிட்ச், ரூட்டர், ப்ராக்ஸி சர்வர், இந்த ஐந்தும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பெரிய யூபிஎஸ் வாங்கப் பணமில்லை என்றால், 12 வோல்ட் மோடத்துக்கென்றே கையடக்க யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. மோடத்துக்கு ஒன்று வாங்கிப் போடு.

கேபிள்காரரிடமும் "கரண்ட் போனா உங்க பாக்ஸ் எவ்வளவு நேரம் தாங்கும்ணா?" என்று கேட்டு வை. உன் பக்கம் எல்லாம் உயிரோடு இருந்து அவர் பக்கம் பேட்டரி படுத்துவிட்டால், உன் ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். அது ஒன்றுதான் அந்தப் பெட்டி உண்மை பேசும் இடம். 'பான்' விளக்கு பச்சையாக நின்றால் கேபிள்காரர் வரைக்கும் ஒளி வருகிறது என்று மட்டுமே அர்த்தம். அதற்கு மேலே சேலத்து லைன் அறுந்து கிடந்தாலும் 'பான்' பச்சையாகவே நிற்கும்.

ஃபெயில்ஓவர் வேலையை ஸ்க்விட் தலையில் கட்டாதே

உன்னிடம் இருப்பது உபுண்டு ஓடும் பழைய கம்ப்யூட்டர், அதில் ஸ்க்விட். அதிலேயே இன்னும் இரண்டு லேன் கார்டு செருகி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் முடித்துவிடலாம் என்று உனக்குக் கை அரிக்கும். என் பேச்சைக் கேட்டால் வேண்டாம். இரண்டு லைனையும் வாங்கிக்கொள்ள முன்னால் ஒரு ரூட்டர் வை. டிபி-லிங்க் இஆர்605 மாதிரி இரட்டை வான் ரூட்டர், மைக்ரோடிக் ஹெக்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய பெட்டி, எது கைக்கு வருகிறதோ அது. ஸ்க்விட்டுக்கு வெளியே போக ஒரே ஒரு வாசல்தான் தெரிய வேண்டும். அந்த வாசலுக்கு வெளியே எந்த லைன் என்பதை ரூட்டர் பார்த்துக்கொள்ளட்டும். நீ லீவில் இருக்கும் நாளில் லேபில் இருக்கும் யாரோ ஒருவர் அதைத் தொடப்போகிறார் என்பதையும் கணக்கில் வை. ஒரு பெட்டியில் ஒரு வேலை என்று இருந்தால் போனிலேயே வழி சொல்லிவிடலாம்.

யாராவது வேறு வழியில்லாமல் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலைப் போட்டு, அதே பெட்டியில் ஸ்க்விட்டையும் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் ஒரு பொறி இருக்கிறது, பார்த்துக்கொள். கேட்வே குரூப் உருவாக்கி லேன் ரூலில் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். நேரடியாக வெளியே போகும் கம்ப்யூட்டருக்கு அது வேலை செய்யும். ஆனால் ஸ்க்விட் வெளியே போவது லேனிலிருந்து வரும் போக்குவரத்து இல்லை. அந்தப் பெட்டியே தன் சொந்தக் காலில் போகிறது. லேன் ரூல் அதைத் தொடவே தொடாது. 2018-ல் வந்த 2.4.4 பதிப்பிலிருந்து 'டீஃபால்ட் கேட்வே' என்ற இடத்திலேயே கேட்வே குரூப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதைச் செய்தால்தான் ஸ்க்விட்டும் இரண்டாவது லைனுக்கு மாறும். "ஃபெயில்ஓவர் போட்டாச்சு, ஆனா ப்ராக்ஸி மட்டும் மாற மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விழுந்த குழி இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முதல் நாளே உயிரை வாங்கும். இரண்டு மோடமும் பல சமயம் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்து இறங்கும். ரூட்டருக்கு எது எந்தப் பக்கம் என்று குழம்பிவிடும். ஒன்றை 192.168.2.1 என்று மாற்றிவிட்டு, அதன் தலையிலேயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வை.

பல்ஸ் பார்க்க வேண்டிய இடம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரூட்டரில் முதல் லைனுக்கு மெட்ரிக் 100, இரண்டாவதற்கு 200 என்று போட்டால் குறைந்த எண் உள்ள வழியில் போகும். அது போனால் அடுத்தது. சரி, "அது போனால்" என்பதை ரூட்டர் எப்படித் தெரிந்துகொள்ளும்? ஒன்றும் சொல்லாமல் விட்டால், மோடத்துக்குப் போகும் லேன் ஒயர் பிடுங்கப்பட்டால்தான் அதற்குத் தெரியும். நம் ஊரில் லைன் அப்படியா போகிறது? மோடம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், காரிமங்கலம் பக்கத்தில் எங்கோ ஃபைபர் அறுந்து கிடக்கும். வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார் என்பதற்காக உள்ளே ஆபீஸ் நடக்கிறது என்று எடுத்துக்கொண்ட கதை அது. மைக்ரோடிக்கில் 'செக் கேட்வே' என்று ஒரு வசதி இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்வேயைப் பிங் பண்ணிப் பார்க்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதே. அது பார்ப்பது உன் மோடத்தை. மோடம் எப்போதும் "இருக்கேன்" என்றுதான் சொல்லும்.

அதனால் வெளியே, தூரத்தில் இருக்கும் முகவரியைப் பிங் பண்ண வேண்டும். முதல் லைனுக்கு 8.8.8.8, இரண்டாவதற்கு 1.1.1.1 என்று வை. 8.8.8.8-க்குப் போகும் வழி முதல் லைன் மட்டும்தான், 1.1.1.1-க்கு இரண்டாவது லைன் மட்டும்தான் என்று தனி ரூட்டும் போட்டுக் கட்டு. கட்டாவிட்டால், முதல் லைன் செத்த பிறகு 8.8.8.8-க்கான பிங் இரண்டாவது லைனில் சுற்றிப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். ரூட்டர் "முதல் லைன் பிழைச்சிருச்சு" என்று திரும்பி ஓடும், அங்கே ஒன்றும் இருக்காது, மறுபடி இங்கே வரும். நாள் முழுக்க இந்த ஊசலாட்டம்தான். லினக்ஸ் பெட்டியில் செய்கிறாய் என்றால் 'ஆர்பி ஃபில்டர்' கறாராக இருக்கிறதா என்றும் பார். கறாராக இருந்தால் இரண்டாவது கார்டு வழியாக வரும் பதிலைக் குப்பையில் போட்டுவிடும். 2 என்று தளர்த்தி வை.

எத்தனை முறை பதில் வராவிட்டால் செத்ததாக எண்ணுவது? ஐந்து விநாடிக்கு ஒருமுறை பிங், தொடர்ந்து மூன்று தவறினால் மாறு. பதினைந்து விநாடியில் மாறிவிடும். திரும்பி வருவதில் மட்டும் அவசரம் கூடாது. முதல் லைன் ஐந்து நிமிடம் விடாமல் ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகே அதற்குப் போக வேண்டும். கோடை மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிய லைன் நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து வந்து போகும். அதன் பின்னாலேயே ஓடினால், ஒழுங்காக இருக்கிற இரண்டாவது லைனையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வாய்.

பிங் மட்டும் நம்பினால் போதாத ஒரு இடம் உண்டு. ரீசார்ஜ் முடிந்துபோனால் சில கம்பெனிகள் பிங்கை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் திறந்தாலும் "ரீசார்ஜ் செய்யவும்" என்ற பக்கத்துக்குத் தள்ளும். பிங் பச்சை, லேப் சிவப்பு. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்தவுடன் நெட் உண்மையாகவே இருக்கிறதா என்று கூகுளின் ஒரு வெற்றுப் பக்கத்தைக் கேட்கிறதே, 204 என்ற விடை வந்தால் மட்டும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறதே, அதே சோதனையை ஸ்க்ரிப்டாக எழுதி நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால் இதையும் பிடித்துவிடலாம்.

டிஎன்எஸ்தான் வில்லன்

எல்லாம் சரியாகப் போட்டு, லைனும் மாறி, பிங்கும் போகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் நேரே டிஎன்எஸ்ஸுக்குப் போ. பெரும்பாலும் நடப்பது இது: முதல் கம்பெனிக்காரர் வந்து மாட்டும்போது அவர்களுடைய டிஎன்எஸ் முகவரியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். பல கம்பெனிகளின் டிஎன்எஸ் தன் வாடிக்கையாளர் கேட்டால்தான் பதில் சொல்லும். அடுத்த கம்பெனி லைனிலிருந்து கேட்டால் வாயே திறக்காது. அதனால் பொதுவான டிஎன்எஸ் போடு.

இங்கேதான் இரண்டாவது கண்ணி. 8.8.8.8-ஐ முதல் லைனோடு கட்டிவிட்டோம் இல்லையா? அதையே டிஎன்எஸ்ஸாகவும் வைத்தால், முதல் லைன் செத்த அன்று டிஎன்எஸ்ஸும் கூடவே செத்துவிடும். பிங் பார்க்க ஒரு ஜோடி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு ஜோடி என்று பிரித்துவிடு. 8.8.4.4, 9.9.9.9 இரண்டையும் டிஎன்எஸ்ஸுக்கு வை, கணக்கு நேராகிவிடும்.

ஸ்க்விட்டின் கன்ஃபிக் ஃபைலிலும் டிஎன்எஸ் நேம்சர்வர்கள் என்ற வரியில் இந்த இரண்டையும் வெளிப்படையாக எழுது. எழுதாவிட்டால் ஸ்க்விட் தான் எழுந்திருக்கும்போது சிஸ்டத்தில் என்ன டிஎன்எஸ் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு உட்காரும். லைன் மாறி, சிஸ்டத்தின் டிஎன்எஸ் மாறினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. நீ ரீகான்ஃபிகர் பண்ணும் வரை பழையவரிடமே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஸ்க்விட்டுக்குள் தொட வேண்டிய மற்றவை

'டிசிபி அவுட்கோயிங் அட்ரஸ்' என்ற வரி கன்ஃபிக்கில் எங்காவது இருக்கிறதா என்று தேடு. உனக்கு முன்னால் இருந்தவர் இன்னாருக்கு இந்த லைன் என்று பிரிக்க அதைப் போட்டிருக்கலாம். அது இருந்தால் ஸ்க்விட் முதல் லைனின் முகவரியையே முதுகில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது லைனில் வெளியே போகப் பார்க்கும். பதில் திரும்பி வராது. முன்னால் ரூட்டர் வைத்துவிட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லை, எடுத்துவிடு.

'கனெக்ட் டைம்அவுட்' சும்மா விட்டால் ஒரு நிமிடம். லைன் செத்த அந்தக் கணத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து, பதினைந்து விநாடிக்குக் குறை. 'ஷட்டவுன் லைஃப்டைம்' என்று ஒன்று உண்டு, அது 30 விநாடி. ஸ்க்விட்டை நிறுத்தச் சொன்னால் இருக்கிறவர்கள் முடித்துக்கொள்ளட்டும் என்று அவ்வளவு நேரம் காத்திருக்கும். அதை மூன்று விநாடி ஆக்கு. ஏன் என்றால், லைன் மாறின பிறகும் பழைய லைனில் திறந்த எச்டிடிபிஎஸ் சுரங்கங்கள் செத்ததே தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். புது டேப் திறந்தால் பறக்கும், பழைய டேப் அசையாது. பிள்ளைகளிடம் "டேப்பை மூடித் திற" என்று சொல்லிவிடலாம். அது நடக்காது என்று தோன்றினால், லைன் மாறும்போது ஸ்க்விட்டை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணும்படி ஸ்க்ரிப்டில் ஒரு வரி சேர். ஒவ்வொரு முறை கன்ஃபிக்கைத் தொட்ட பிறகும் பார்ஸ் சோதனை ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணு. ஒரு எழுத்துப் பிழைக்காக ஸ்க்விட் எழுந்திருக்காமல் போனால் இரண்டு லைன் இருந்து என்ன, இருபது லைன் இருந்து என்ன.

சில சைட் மட்டும் இரண்டாவது லைனில் பாதியில் நிற்கிறது என்றால் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிபிபிஓஇ லைனுக்கு 1492, சிம் ரூட்டரில் அதற்கும் கீழே இருக்கலாம். ரூட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் என்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும்.

'கேஷ் வைத்தால் சிம் டேட்டா மிச்சமாகும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. ஸ்க்விட் 1996-ல் வந்த காலத்தில் பக்கங்கள் திறந்த தபால் அட்டையாகப் போயின. பிரௌசிங் சென்டர்காரர்களுக்கு அந்த கேஷ் தெய்வம். இப்போது எல்லாமே எச்டிடிபிஎஸ். யார் எந்த சைட்டுக்குப் போகிறார்கள் என்று ஸ்க்விட்டுக்குத் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. லேபில் ப்ராக்ஸி வைப்பது கட்டுப்பாட்டுக்கும் லாகுக்கும்தான்.

இரண்டாவது லைனில் சிக்கனம்

சிம்முக்கு மாறின அடுத்த நிமிடமே ஐம்பது விண்டோஸ் கம்ப்யூட்டரும் அப்டேட் இறக்க ஆரம்பித்தால், நாளுக்கு 2 ஜிபி என்கிற பேக் காபி குடித்து வருவதற்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தால் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். பிங் போகும், பக்கம் திறக்காது. ஸ்க்விட்டுக்கு இரண்டு கன்ஃபிக் ஃபைல் வைத்துக்கொள். சாதாரண நாளுக்கு ஒன்று. சிம்மில் ஓடும்போது யூடியூப், விண்டோஸ் அப்டேட், கேம் சைட்டுகளை மறித்து, டிலே பூல் போட்டு ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்படுத்தும் இன்னொன்று. ஸ்க்ரிப்ட் லைனை மாற்றும்போதே இதையும் மாற்றட்டும்.

சிம் பேக்கை மறந்துவிடாதே. மாத பேக் என்று பேர், நாள் 28. தேதி ஒவ்வொரு மாதமும் முன்னால் நழுவிக்கொண்டே வரும். சம்பளத் தேதியை வைத்து ரீசார்ஜ் பண்ணுகிற ஆபீசில் அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் ஃபைபர் அறுந்து தொலைக்கும். கிடைத்தால் ஒரு வருட பேக் போட்டுவிடு.

ஃபீஸ் கட்டும் நேரத்தில் லைன் மாறினால் பொது ஐபி மாறிவிடும். பேங்க் பக்கம் "செஷன் எக்ஸ்பயர்ட்" என்று வெளியே தள்ளும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பக் கடைசி நாளில் இது நடந்தால் பிள்ளை பதறிப்போய் மறுபடி பணம் கட்டுவான். முதலில் அக்கவுன்ட்டில் பணம் போயிருக்கிறதா, விண்ணப்பத்தில் கட்டியதாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல். குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும் திறக்கும் போர்ட்டல் ஏதாவது ஆபீசில் இருந்தால் அது சிம்மில் திறக்காது. அதை முன்கூட்டியே பிரின்சிபால் காதில் போட்டு வை.

பக்கத்துக் கடையில் பிரௌசிங் சென்டர் நடத்தும் உன் நண்பனிடம் இதையும் சொல்: சைபர் கஃபேக்களுக்கான 2011 விதிகள்படி லாகை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த லைனில் ஓடியது என்ற குறிப்பும் அதனோடு இருந்தால்தான், நாளைக்கு இந்த ஐபியில் யார் இருந்தார் என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல முடியும்.

சத்தமில்லாத ஃபெயில்ஓவர்

ஃபெயில்ஓவர் அருமையாக வேலை செய்தால் ஒரு கெடுதல் உண்டு. முதல் லைன் போனதே யாருக்கும் தெரியாது. லேப் ஓடுகிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஒரு வாரம் சிம்மிலேயே ஓடியிருக்கும். சிம்மும் படுக்கும் நாளில்தான் "எப்பக்கா ஃபைபர் போச்சு?" என்று எனக்கு போன் வரும். மாறின உடனே உன் போனுக்கு டெலிகிராமில் ஒரு வரி வரும்படி செய். லைன் மாறி முடித்த பிறகு அனுப்பச் சொல். மாறும் முன் அனுப்பினால் அந்தச் செய்தி செத்த லைனிலேயே சிக்கிக்கொள்ளும். திரும்பி வந்ததும் இன்னொரு வரி. கேபிள்காரரிடம் சண்டை போடவும் அந்த நேரக் குறிப்புதான் கை கொடுக்கும். "அடிக்கடி போகுதுண்ணா" என்றால் அவர் தலையைச் சொறிவார். "போன வாரம் செவ்வாய் 11:40-க்குப் போய் 3:15-க்கு வந்தது" என்றால் ஆளை அனுப்புவார்.

சோதித்துப் பார்க்கும் விதத்திலும் ஏமாந்துவிடாதே. எல்லோரும் ரூட்டரிலிருந்து லேன் ஒயரைப் பிடுங்கிப் பார்த்து, மாறுகிறது என்று கைதட்டுவார்கள். அது சோதனையே இல்லை. ஒயரைப் பிடுங்கினால் எந்த மட்ட ரூட்டரும் மாறும். ஃபைபர் பெட்டியின் பின்னால் பச்சைத் தலையோடு மெல்லிசாக ஒரு ஃபைபர் ஒயர் செருகியிருக்கும் பார், அதைப் பிடுங்கு. மோடத்துக்குக் கரண்ட் இருக்கட்டும், லேன் விளக்கு எரியட்டும், எல்ஓஎஸ் மட்டும் சிவக்கட்டும். நிஜத்தில் லைன் இப்படித்தான் சாகிறது. பிடுங்கின தலையின் நுனியை விரலால் தொடாதே, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதே, தூசிமூடி இருந்தால் மாட்டி வை. ஒரு கம்ப்யூட்டரில் ப்ராக்ஸி வழியாக ஏதாவது ஒரு பக்கத்தை விடாமல் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இரு. ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாகில் 503 என்ற வரிகள் எந்த விநாடியில் ஆரம்பித்து எந்த விநாடியில் நிற்கின்றன என்று பார். அந்த இடைவெளிதான் உன் ஃபெயில்ஓவரின் நிஜமான நேரம். நீ கணக்குப் போட்ட பதினைந்து விநாடிக்கு அது கிட்டத்தில் இருந்தால் சரி; இரண்டு நிமிடம் என்று வந்தால் டிஎன்எஸ்ஸையும் டைம்அவுட்டையும் மறுபடி பார்.

ப்ராக்ஸி சர்வரே படுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்பாய். பிரௌசருக்குக் கொடுக்கும் பிஏசி (ப்ராக்ஸி ஆட்டோ கன்ஃபிக்) ஃபைலில் முதல் ப்ராக்ஸி, அது இல்லாவிட்டால் இரண்டாவது என்று எழுதலாம். போர்ட் இரண்டுக்கும் 3128-ஆகவே இருக்கட்டும். கடைசியாக 'டைரக்ட்' என்றும் எழுதச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். ஆபீசாக இருந்தால் எழுது. பிள்ளைகள் இருக்கும் லேபில் எழுதாதே, ப்ராக்ஸி ஒயரைப் பிடுங்கினால் தடையெல்லாம் போய்விடும் என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பிடுங்கல் சோதனையை மாதம் ஒருமுறை, சனிக்கிழமை மதியம் லேப் காலியான பிறகு வை. ஆன்லைன் தேர்வு எதற்காவது லேபைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கு இரண்டு நாள் முன்பே ஒருமுறை பார்த்துவிடு. முந்தின நாள் ராத்திரி எதையும் தொடாதே. இரண்டு கம்பெனியின் கஸ்டமர் ஐடி, புகார் எண், கேபிள்காரர் போன் நம்பர், சிம் பேக் முடியும் தேதி நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டு. கம்ப்யூட்டரில் சேவ் பண்ணி வைக்காதே, நெட் இல்லாத அன்றுதானே அது வேண்டும்.